போன கணக்கு திரும்பி வருமா?



கடையைப் பூட்டாமல் எந்த வியாபாரியும் வீட்டுக்குப் போவதில்லை. பூட்டிய பிறகும் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குகிறோம். சரக்குக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கிறோம். எலிக்குப் பொறி வைக்கிறோம். மழைக்குத் தார்ப்பாய் வாங்கி வைக்கிறோம். ஆனால் அந்தச் சரக்கு யாருக்குப் போனது, அவர் எவ்வளவு கொடுத்தார், இன்னும் எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் இன்று ஒரு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாள் கண் திறக்காமல் போனால் என்ன செய்வோம் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

நாங்கள் யோசிக்கவில்லை. அதற்குக் கொடுத்த விலையைச் சக வியாபாரிகளோடு பகிர்ந்து கொள்ளவே இந்தக் கட்டுரை. நாங்கள் படித்தது பள்ளிக்கூடப் படிப்புதான். கம்ப்யூட்டர் நிபுணர்கள் அல்ல. எனவே புரியாத சொற்களைச் சொல்லி மிரட்டப் போவதில்லை. பட்டதையும் பிறகு கற்றதையும் மட்டும் சொல்கிறோம்.

தீபாவளிக்கு ஒன்பது நாள்

மீன்சுருட்டியில் எங்களுடையது மளிகை மொத்த வியாபாரம். சுற்றியுள்ள கிராமங்களில் சுமார் நூற்று நாற்பது சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு போடுகிறோம். அவற்றில் பாதிக்கு மேல் பெட்டிக்கடைகள். வாரக் கடன், மாதக் கடன், அறுவடைக் கடன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரவு செலவு. தீபாவளி நெருங்கினால் இந்தப் பாக்கி இரட்டிப்பாகும் என்பது மொத்த வியாபாரிகள் அனைவரும் அறிந்ததே.

கணக்கு எழுதும் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டு முன்கூடத்தில் இருந்தது. கடையில் தூசியும் மிளகாய் நெடியும் அதிகம் என்பதால் வீட்டில் வைத்திருந்தோம். பகலில் மகன் கணக்கு போடுவார். மாலையில் பேரப்பிள்ளைகள் பாடம் படிப்பார்கள். எங்கள் குடும்பப் புகைப்படங்களும் அதில்தான்.

2021-ஆம் ஆண்டு, தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஓர் இரவு பெருமழை. இடி இடித்தது, கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது. காலையில் மகன் கம்ப்யூட்டரைப் போட்டபோது உள்ளே இருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. திரை கறுப்பாகவே நின்றது. ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டைப் படிக்கும் முனை பழுதாகிவிட்டது என்று திருச்சியில் ஒரு மெக்கானிக் சொன்னார். நான்கு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, சில புகைப்படங்களைத் தவிர எதையும் எடுக்க முடியவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்போதும் நாங்கள் கலங்கவில்லை. ஏனென்றால் எங்களிடம் பென் டிரைவ் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக வாரம் தவறாமல் சனிக்கிழமை இரவு கணக்கை அதில் நகல் எடுத்து, சாமி அலமாரியில் வைத்து வந்தோம். அதை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தபோதுதான் தலையில் இடி விழுந்தது. உள்ளே கணக்கே இல்லை. திரையில் நாம் தட்டித் திறக்கும் அந்தச் சின்னப் படத்தை மட்டும் வாரா வாரம் நகல் எடுத்திருக்கிறோம். அந்தப் படம் கணக்கு அல்ல, கணக்கு இருக்கும் இடத்துக்கு வழிகாட்டும் பலகை மட்டுமே. வீட்டைக் காப்பாற்றுவதாக நினைத்து வாசலில் இருந்த பெயர்ப் பலகையைக் காப்பாற்றியிருக்கிறோம்!

நகல் எடுத்தது மகன். ஒரு தடவையாவது திறந்து பார் என்று சொல்லாதது நாங்கள். ஆகவே பழி எங்களுடையதுதான்.

கடை கடையாகப் போன கதை

இருந்தது இவ்வளவுதான். ஆடிட்டர் அலுவலகத்தில் மார்ச் 31 வரையிலான கணக்கு ஒரு பிரதி இருந்தது. ஜி.எஸ்.டி. தளத்தில் செப்டம்பர் மாதம் வரை நாங்கள் தாக்கல் செய்த ஜி.எஸ்.டி.ஆர்.-1 இருந்தது. ஆனால் அதில் ஜி.எஸ்.டி. எண் உள்ள கடைகளின் பில்கள் மட்டும்தான் தனித்தனியாகக் கிடைக்கும். எண் இல்லாத சிறு கடைகளுக்குப் போட்டதெல்லாம் மொத்தத் தொகையாகவே இருக்கும். மேலும் அரசாங்கத்துக்கு நாம் விற்றது தெரியும். வாங்கியவர் பணம் கொடுத்தாரா இல்லையா என்பது தெரியாது. அது நம் பேரேட்டுக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

வேறு வழியின்றி நாங்களும் மகனும் ஆளுக்கொரு வண்டியில் சலுப்பை, குண்டவெளி, காட்டகரம் என்று ஊர் ஊராகப் புறப்பட்டோம். கடன் கொடுத்தவன் கடனாளியிடம் போய், "நீங்கள் எங்களுக்கு எவ்வளவு தர வேண்டும்?" என்று கேட்கும் நிலை எந்த வியாபாரிக்கும் வரக் கூடாது.

பெட்டிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, எங்களுக்கு ஐயாயிரம் ரூபாய்க்குள் தர வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தோம். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றித் திருப்பினார். பின்பக்கம் பென்சிலால் வரிசையாகக் குறித்திருந்தார். "எட்டாயிரத்து நானூத்தி அறுபது நிக்குதுங்க ஐயா. நீங்க மறந்தாலும் நான் மறக்கக் கூடாதில்ல" என்றார். எங்கள் நாற்பதாயிரம் ரூபாய்க் கம்ப்யூட்டர் மறந்ததை அந்தக் காலண்டர் வைத்திருந்தது.

எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. ஒரு கடைக்காரர் முப்பதாயிரம் தர வேண்டும் என்பது எங்கள் ஞாபகம். அவரோ, "எல்லாம் குடுத்துட்டேனே முதலாளி" என்றார். கணக்கு இல்லாத கோபத்தில், நான்கு பேர் முன்னால் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டோம். மூன்று வாரம் கழித்து மகனின் சேமிப்புக் கணக்கு ஸ்டேட்மெண்டை வாங்கிப் பார்த்தபோது, புரட்டாசி மாதமே அவர் அந்தக் கணக்குக்கு மொபைல் மூலம் பணம் அனுப்பியிருப்பது தெரிந்தது. அன்றே அவர் கடைக்குப் போய் அதே நான்கு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டோம். "விடுங்க முதலாளி" என்றார். சரக்கு இன்றும் எங்களிடம்தான் எடுக்கிறார். ஆனால் முன்பெல்லாம் வந்தால் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். இப்போது நின்றபடியே பில்லை வாங்கிக்கொண்டு போகிறார்.

முடிவில் சுமார் ஒரு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய்க்குக் கணக்கே கிடைக்கவில்லை. அதை வியாபாரத்தில் எப்படியோ ஈடுகட்டிவிட்டோம். அந்த டீயை ஈடுகட்ட முடியவில்லை. கணக்கு போனால் பணம் மட்டும் போவதில்லை, இருபது வருடப் பழக்கமும் போகும் என்பதை அன்று கற்றோம்.

கணக்கு வேறு, கம்ப்யூட்டர் வேறு

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புது டிஸ்க் வாங்கிப் போட்ட பிறகு கம்ப்யூட்டர் பழைய நிலைக்கு வர மேலும் ஒன்பது நாள் ஆனது. விண்டோஸ் போட வேண்டும். கணக்கு சாஃப்ட்வேர் போட்டு லைசென்ஸை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும். பிரிண்டர், தமிழ் எழுத்து, எங்கள் கடைப் பெயரோடு அமைத்திருந்த பில் படிவம், டிஜிட்டல் கையெழுத்து, கடவுச்சொற்கள் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருந்தது. தீபாவளி முடியும் வரை கார்பன் வைத்துக் கையால் பில் எழுதினோம்.

ஆகவே பாதுகாப்பு என்பது இரண்டு வகை என்று புரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, கணக்குக் கோப்புகளை மட்டும் தினமும் நகல் எடுப்பது. இது நெல்லை மூட்டை கட்டி வேறு வீட்டில் வைப்பது போல. இரண்டாவது, கம்ப்யூட்டரில் உள்ள விண்டோஸ், சாஃப்ட்வேர், அமைப்புகள், கோப்புகள் அனைத்தையும் அப்படியே முழுப் பிரதியாக எடுப்பது. இதை சிஸ்டம் இமேஜ் என்கிறார்கள். இது பூட்டு, தராசு, கல்லாப்பெட்டி உட்படக் கடையையே இன்னொரு கடையாகக் கட்டி வைப்பது போல. முதலாவது மட்டும் இருந்தால் கணக்கு தப்பும், ஆனால் கடை திறக்க ஒரு வாரம் ஆகும். இரண்டாவது மட்டும் இருந்தால் கடை உடனே திறக்கும், ஆனால் பிரதி எடுத்த தேதிக்குப் பின் எழுதிய கணக்கு இருக்காது. எனவே இரண்டும் வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் நம் முன்னோர் இதைச் செய்தே வந்தார்கள். கடையில் சிட்டை எழுதுவார்கள். இரவில் அதைப் பார்த்து நாள்வழியில் எழுதி, பிறகு பேரேட்டில் ஏற்றுவார்கள். ஒன்று கரையான் அரித்தாலும் மற்றொன்றைக் கொண்டு மறுபடி எழுத முடியும். கம்ப்யூட்டர் வந்ததும், எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறதே என்று மகிழ்ந்தோம். எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதுதான் ஆபத்து என்பது புரியவில்லை.

திருமழபாடி காட்டும் வழி

இந்த வித்தைக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நம் அரியலூர் மாவட்டத்திலேயே, கொள்ளிடக் கரையில் உள்ள திருமழபாடி வைத்தியநாத சுவாமி கோயிலில் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சான்று இருக்கிறது. முதலாம் இராஜராஜ சோழன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013-ஐ ஒட்டி, அக்கோயிலின் கருவறை விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். அதன் சுவர்களில் முந்தைய அரசர்கள் காலத்துக் கல்வெட்டுகள் இருந்தன. எந்த நிலம் கோயிலுக்கு, யார் எவ்வளவு கொடுத்தார்கள், எந்த விளக்குக்கு எவ்வளவு நெய் என்ற வகைக் கணக்குகளே பெரும்பாலான கோயில் கல்வெட்டுகள். எனவே பிரிக்கும் முன் அவை அனைத்தையும் ஒரு புத்தகத்தில் படியெடுக்க வேண்டும் என்று ஆணை. விமானம் கட்டிய பிறகு, முதலாம் இராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், 1026-ஐ ஒட்டி, அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன.

இதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. படியெடுத்ததற்கும் மீண்டும் வெட்டியதற்கும் இடையே ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள். அதற்குள் ஆணையிட்ட அரசனே மறைந்துவிட்டான். ஆனாலும் மகன் காலத்தில் வேலை முடிந்தது. படி எங்கே இருக்கிறது, அதைக் கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பது ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கவில்லை என்பதே காரணம்.

இதற்கு நேர்மாறான காட்சி எங்கள் ஊரின் பக்கத்திலேயே இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதிற்கற்கள் 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டுவதற்காகப் பெயர்த்துச் செல்லப்பட்டன. எங்கள் பக்கத்திலிருந்து கும்பகோணம் போகும் பழைய சாலை அந்த அணைக்கரை வழியேதான் போகிறது. சென்னை மாகாணத்தில் கல்வெட்டுகளை முறையாகப் படியெடுக்கும் அரசுப் பணி தொடங்கியதோ அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு. திருமழபாடியில் பிரிக்கும் முன் படியெடுத்தார்கள். இங்கே பிரித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எங்களுக்குச் சாமி அலமாரியில் இருந்த பென் டிரைவ் ஞாபகம் வருகிறது.

பெரிய இடத்திலும் இதே பாடம்

பெரிய கம்பெனிகளுக்கு இப்படி நடக்காது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' படத்தைத் தயாரித்து வந்தபோது, 1998-இல் யாரோ கொடுத்த ஒரு தவறான கட்டளையால் படத்தின் கோப்புகள் பெரும்பகுதி அழிந்தன. பாதுகாப்பு நகல் இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தால் அது சரியாகப் பதிவாகவே இல்லை. கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் அப்போதுதான் குழந்தை பெற்றிருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்து வந்தார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தின் பிரதி ஒன்று இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றிக் காரில் வைத்துப் பத்திரமாகக் கொண்டு வந்து படத்தை மீட்டார்கள். 1999-இல் படம் வெளிவந்தது.

திருட்டும் உண்டு. 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற நாசகார சாஃப்ட்வேர் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைத் தாக்கியது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடு என்று திரையில் எழுதியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தது. தனியே பிரதி வைத்திருந்தவர்கள் கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டுப் பழைய பிரதியைப் போட்டுக்கொண்டார்கள். இப்படிப்பட்ட வைரஸ், கம்ப்யூட்டரோடு இணைத்தே வைத்திருக்கும் வெளி டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

சட்டமும் சொல்கிறது

இது நம் விருப்பம் மட்டும் அல்ல. கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருப்பவர், விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அது அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும் வகையில் மின்னணுப் பிரதி வைத்திருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதி 57 கூறுகிறது. சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி, ஓர் ஆண்டின் கணக்கை அதன் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். நாங்கள் தொலைத்தது 2021-22 கணக்கு. அதன் ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதி 2022 டிசம்பர் 31. ஆகவே 2028 டிசம்பர் 31 வரை அதைக் கேட்டால் காட்ட வேண்டிய கடமை எங்களுக்கு உண்டு. ஆறு வருடம் ஒரே ஹார்ட் டிஸ்க் உயிரோடு இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

நாங்கள் இப்போது செய்வது

ஒன்று: தினமும் இரவு கடைக்கணக்கு முடிந்ததும் கணக்கு சாஃப்ட்வேரிலேயே உள்ள பேக்கப் வசதியால் நகல் எடுக்கிறோம். டாலி பிரைம் வைத்திருப்பவர்கள் ஆல்ட் விசையோடு ஒய் அழுத்தினால் பேக்கப், ரீஸ்டோர் இரண்டும் வரும். ரீஸ்டோர் செய்யும்போது, இருக்கும் கணக்கின் மேலேயே பழைய கணக்கை ஏற்றிவிடாமல் வேறு ஃபோல்டரில் ஏற்ற வேண்டும். வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு ஃபோல்டர் வைத்திருக்கிறோம். இன்று தவறு நடந்து மூன்று நாள் கழித்துத் தெரிந்தாலும் பழையது கையில் இருக்கும்.

இரண்டு: மாதம் ஒரு முறை முழுக் கம்ப்யூட்டரையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுக்கிறோம். 2021-இல் நாங்கள் வாங்கியபோது 1 டி.பி. டிஸ்க் நாலாயிரத்துச் சொச்சம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கண்ட்ரோல் பேனலில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர்' என்று இருக்கும். பக்கத்தில் விண்டோஸ் 7 என்று போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். அதில் 'கிரியேட் எ சிஸ்டம் இமேஜ்' என்பதை அழுத்தினால் எங்கே வைக்க வேண்டும் என்று கேட்கும். வெளி டிஸ்க்கைக் காட்ட வேண்டும். முடிந்ததும் அதில் 'விண்டோஸ்இமேஜ்பேக்கப்' என்ற ஃபோல்டர் இருக்கும். அதன் பெயரை மாற்றவோ அதை நகர்த்தவோ கூடாது. மாற்றினால் மீட்கும்போது கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியாது. இந்த வசதியை மைக்ரோசாஃப்ட் மேற்கொண்டு வளர்ப்பதில்லை என்று 2017-லேயே அறிவித்துவிட்டது. ஆகவே தைவானில் உருவான 'குளோன்ஸில்லா' என்ற இலவச சாஃப்ட்வேர் அல்லது வேறு நல்ல சாஃப்ட்வேர் ஒன்றையும் விவரம் தெரிந்தவரைக் கொண்டு பழகிக்கொள்வது நல்லது.

மூன்று: மீட்பு பென் டிரைவ். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். கம்ப்யூட்டரே எழாதபோது முழுப் பிரதி இருந்தும் அதை யார் திறப்பது? விண்டோஸில் 'கிரியேட் எ ரெகவரி டிரைவ்' என்று தேடி, 32 ஜி.பி. வெற்று பென் டிரைவில் முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் எழாதபோது இதைப் போட்டு எழுப்பி, 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'சிஸ்டம் இமேஜ் ரெகவரி' என்று போனால் வெளி டிஸ்க்கில் உள்ள பிரதியைத் திரும்ப ஏற்றலாம். புதிதாகப் போடும் டிஸ்க் பழையதன் அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஏற்றும்போது அந்த டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழியும். ஆகவே அவசரப்பட்டு நல்ல நிலையில் உள்ள டிஸ்க்கின் மேல் ஏற்றிவிடக் கூடாது.

நான்கு: மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருள், ஒன்று வெளியூரில் என்று கம்ப்யூட்டர்காரர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். கம்ப்யூட்டரில் உள்ளது ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, மூன்றாவது வேறு ஊரில். எங்களிடம் வெளி டிஸ்க் இரண்டு. ஒன்று வீட்டில், மற்றொன்று ஜெயங்கொண்டத்தில் மகள் வீட்டில். மாதம் ஒரு முறை மாற்றிக்கொள்கிறோம். டிஸ்க்கைப் பிரதி எடுக்கும் நேரம் தவிர இணைத்து வைப்பதில்லை. தினசரி நகலைக் கடவுச்சொல் போட்டு இன்டர்நெட் சேமிப்பிலும் ஏற்றுகிறோம். கணக்குக் கோப்புக்குக் கூகுள் டிரைவ் தரும் 15 ஜி.பி. இலவச இடமே எங்களுக்குத் தாராளமாகப் போதும்.

ஐந்து: காகிதம். லைசென்ஸ் எண், கடவுச்சொற்கள், டிஸ்க் பூட்டுப் போட்டிருந்தால் பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டின் 48 இலக்க மீட்பு எண், மீட்கும் வழிமுறை ஆகிய அனைத்தையும் தமிழில் ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறோம். கம்ப்யூட்டரின் சாவியைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது அறிவாகாது.

ஆறு: சோதனை. திரும்ப வராத பிரதி பிரதியே அல்ல. சரஸ்வதி பூஜையன்று கணக்குப் புத்தகங்களோடு வெளி டிஸ்க்கையும் சாமி முன் வைக்கிறோம். மறுநாள் விஜயதசமியன்று, இதற்கென்றே வாங்கி வைத்திருக்கும் இன்னொரு டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டி, முழுப் பிரதியை அதில் ஏற்றி, கணக்கைத் திறந்து, ஏதாவது பத்து கடைகளின் பாக்கியைப் பேரேட்டோடு ஒப்பிடுகிறோம். சித்திரை முதல் தேதி மறுபடியும் ஒரு முறை. பூட்டை இழுத்துப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. புதியதுக்கு மாறும் வியாபாரிகள், மாறுவதற்கு முதல் நாள் பழையதை முழுப் பிரதி எடுத்துக்கொண்டு மாறுவது நலம். பிரிக்கும் முன் படியெடு என்பது இராஜராஜன் காலத்துப் பாடம்.

இரண்டாம் முறை

2023 ஆனி மாதம் மறுபடியும் எங்கள் கம்ப்யூட்டர் எழவில்லை. இந்த முறை போனது புதிய வகை எஸ்.எஸ்.டி. டிஸ்க். அது டிக் டிக் என்று கூடச் சொல்லவில்லை, சும்மா நின்றுவிட்டது. மகன் சரக்கு எடுக்க விருதுநகர் போயிருந்தார். வீட்டில் நாங்களும், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தியும்தான்.

உறையைப் பிரித்துத் தாளை எடுத்தோம். எலக்ட்ரிக்கல் கடைத் தம்பி வந்து சோதனை டிஸ்க்கை மாட்டிக் கொடுத்தார். மீட்பு பென் டிரைவைப் போட்டு, தாளில் உள்ளபடி ஒவ்வொரு வரியாக நாங்கள் படிக்கப் பேத்தி அழுத்தினாள். ஒன்றரை மணி நேரத்தில் பழைய திரை, பழைய பில் படிவம், பிள்ளைகள் படம் எல்லாம் அப்படியே வந்தன. பிறகு முந்தின இரவு எடுத்த கணக்கு நகலை ஏற்றினோம். அன்று காலை போட்ட ஏழு பில் மட்டும் இல்லை. பிரிண்ட் எடுத்த தாளைப் பார்த்துப் பேத்தியே அடித்துவிட்டாள். "அவ்வளவுதானா தாத்தா?" என்றாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல் பில் போட்டோம். வாங்க வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதே தெரியாது.

எங்களுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கடையின் வரவு செலவு எங்கள் ஞாபகத்தில் இருந்த காலம் போய்விட்டது. எங்கள் ஞாபகம் முப்பதாயிரம் என்று சொன்னதும் அது பொய்யானதும் மேலே சொன்னோம். நாளை நாங்கள் இல்லாதபோதும் கடை திறக்க வேண்டும். நம்மிடம் கடன் வைத்திருப்பவரும், நாம் கடன் வைத்திருப்பவரும் சரியான தொகையைச் சரியானவரிடம் கேட்க வேண்டும். அதற்குத்தான் பிரதி.

வணிகப் பெருமக்களே, இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒன்றே ஒன்று செய்யுங்கள். கடைசியாக எடுத்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து, யாராவது ஒரு கடைக்காரரின் பாக்கி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மகிழ்ச்சி. இல்லாவிட்டால், அதைத் தெரிந்துகொள்ள இன்று நல்ல நாள். தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்பு நல்ல நாள் அல்ல.